ஈரோட்டிலிருந்து கயாக் பயணம்: கிளம்பும் முன்னும் தண்ணீரில் இறங்கிய பின்னும்

மாமா பையன் போன மாதம் போன் பண்ணி, "ஏனுங்ண்ணா, எல்லாரும் கேரளா போய்க் கயாக் ஓட்டிட்டு வர்றாங்க, நம்ம வீட்டுக்கு முன்னாலயே காவேரி போகுது, ஒண்ணு வாங்கி இங்கயே உட்டா என்னுங்?" என்று கேட்டான். அவன் வீடு பவானிக்குக் கொஞ்சம் மேலே, ஷட்டர் வைத்த கதவணையில் தேங்கிய தண்ணீர் ஏரி மாதிரி அகன்று நிற்கிற கரையில் இருக்கிறது. காலையில் அந்தக் கரையில் நின்று பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட மனசு வரவில்லை, ஏனென்றால் கயாக் ஓட்டுவது அவ்வளவு நல்ல விஷயம், கொங்கு நாட்டில் இருக்கிற நமக்கு அது ஒரு ராத்திரிப் பயண தூரத்தில்தான் இருக்கிறது. அன்றைக்கு அவனுக்கு ஒரு மணி நேரம் சொன்னதை, விட்டுப்போனதையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

நம்மில் பலர் பரிசல் பார்த்து வளர்ந்தவர்கள். எங்கள் அப்புச்சி எங்களைப் பரிசலில் ஏற்றி அக்கரையில் ஒரம்பரை (உறவுக்காரர்) வீட்டுக்குக் கூட்டிப்போவார். பரிசலுக்குத் தலையும் இல்லை வாலும் இல்லை, துடுப்பை நிறுத்தினால் அது பாட்டுக்குச் சுற்றும், ஆனால் அடி அகலமாகத் தட்டையாக இருப்பதால் லேசில் கவிழாது. கயாக் நேர் எதிர். நீளம், ஒடுக்கம், இரண்டு முனையிலும் தகடு வைத்த ஒரே துடுப்பு, நினைத்த பக்கம் அம்பு மாதிரி போகும், ஆனால் உடம்பைச் சாய்த்தால் அதுவும் சாயும். இன்னொரு வித்தியாசம் முக்கியம். பரிசலில் உயரமாக உட்கார்ந்தோ நின்றோ பார்ப்போம், கயாக்கில் நம் இடுப்பு தண்ணீர் மட்டத்தில் இருக்கும். நீர்க்காகம் முங்கி எழுவதையும் கரையோர வேர்களையும் அந்த உயரத்திலிருந்து பார்ப்பதற்காகத்தான் இவ்வளவு தூரம் போகிறோம். அதே உயரத்திலிருந்து பார்க்கும்போது முன்னால் இருக்கிற ஆபத்து தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும், கீழே வருகிறேன்.

வகை என்று பார்த்தால் ஆரம்பத்துக்கு இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். மேலே உட்கார்ந்து ஓட்டுகிற சிட்-ஆன்-டாப், உள்ளே காலை நுழைத்து உட்காருகிற சிட்-இன்சைட். முதலாவதில் அடியில் ஓட்டைகள் இருக்கும், ஏறின தண்ணீர் தானே வடிந்துவிடும், கவிழ்ந்தால் திரும்ப ஏறுவதும் எளிது. முதல் பயணத்துக்கு அதையே கேளுங்கள். இரண்டாவது வேகமாகப் போகும், ஆனால் கவிழ்ந்தால் உள்ளிருந்து வெளியே வரப் பழக வேண்டும், அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் பக்கத்தில் இருந்தால் மட்டும் ஏறுங்கள்.

நம்ம ஊர் ஆற்றில் ஏன் வேண்டாம்

நம் பக்கத்து ஆறுகளை ஓட்டுவது மழை இல்லை, ஷட்டர். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள், அதற்கும் கீழே பவானிக் கட்டளைக் கதவணைகள், ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் மின் நிலையம். கதவணைக்கு மேலே தண்ணீர் அசையாமல் நிற்கும், கீழே பாறை தெரியக் கிடக்கும், எல்லாம் ஷட்டர் மூடியிருக்கிற வரைக்கும்தான். திறந்தால் காலையில் நீங்கள் கால் நனைத்து நின்ற பாறை மதியம் இருக்காது. வானத்தைப் பார்த்து ஆற்றைக் கணிக்கிற பழக்கம் நம் பெரியவர்களுக்கு இருந்தது, இங்கே அது செல்லாது, ஏனென்றால் மழை பெய்வது குடகில், தண்ணீரைத் திறப்பது மேட்டூரில்.

அதனால் செய்தித்தாளில் தினமும் ஒரு மூலையில் வருகிற அணை நிலவரத்தைப் படிக்கப் பழகுங்கள். மேட்டூரின் முழு உயரம் 120 அடி, பவானிசாகர் 105 அடி, இதெல்லாம் நமக்கு மனப்பாடம். கயாக்காரர்கள் பார்க்க வேண்டியது நீர்மட்டத்தை மட்டுமல்ல, நீர்வரத்தையும் நீர்திறப்பையும். வினாடிக்கு 1,000 கனஅடி என்றால் வினாடிக்கு 28,000 லிட்டருக்கு மேல். அணை நிறைந்து நிற்கும்போது வரத்து கூடினால் வந்த தண்ணீரை அப்படியே விட்டாக வேண்டும், அந்தச் சமயத்தில்தான் கரையோரத்தில் தண்டோரா போடுகிறார்கள், ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்துகிறார்கள். பரிசல் நின்ற அன்றைக்கு, நூறு கிலோமீட்டர் கீழே இருந்தாலும், நீங்களும் இறங்காதீர்கள்.

அப்புறம் தடுப்பணை. ஆள் உயரம்கூட இல்லாத தடுப்பணைதானே, சறுக்கிக்கொண்டு போய்விடலாம் என்று நினைக்கத் தோன்றும். விழுகிற தண்ணீர் அடியில் போய்ச் சுருண்டு மேலே வந்து, மேல்மட்டத்துத் தண்ணீரை மறுபடியும் சுவரை நோக்கியே இழுக்கும். உள்ளே சிக்கிய மரக்கட்டை மணிக்கணக்கில் அதே இடத்தில் உருண்டுகொண்டிருப்பதைக் கொடிவேரி மாதிரி இடங்களில் நீங்களே பார்த்திருக்கலாம். ஆள் சிக்கினாலும் அப்படித்தான், நுரைத் தண்ணீரில் மிதப்புக் குறைவு, லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் அந்தச் சுழல் ஆளை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மேலேயிருந்து வருகிறவருக்கு, கயாக்கின் உயரத்திலிருந்து, இது ஒரு நேர்கோடாக மட்டும்தான் தெரியும். ஆற்றின் குறுக்கே தண்ணீர் ஒரு கோட்டோடு முடிந்து, அதற்கு அப்பால் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தால் யோசிக்காமல் கரைக்குப் போய்விடுங்கள், படகைத் தூக்கிக்கொண்டு கரையோடு நடந்து சுற்றி, கீழே போய் இறங்குங்கள். உலகத்தில் நல்ல தேர்ச்சி பெற்ற கயாக்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

கிணற்றில் சுரைப்புருடை (காய்ந்த சுரைக்குடுக்கை) கட்டி நீச்சல் பழகியவர்கள் நம் ஊரில் நிறைய. எனக்கும் அப்படித்தான் வந்தது. அது பெரிய சொத்து, ஆனால் கிணற்றுத் தண்ணீர் நின்ற தண்ணீர். ஓடுகிற தண்ணீரில் முழங்காலுக்கு மேல் இழுப்பு இருந்தால் எழுந்து நிற்கவே கூடாது, பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டால் தண்ணீர் முதுகில் தள்ளி ஆளைக் கவிழ்த்துவிடும், இடுப்பளவு ஆழத்திலேயே உயிர் போகும். மல்லாந்து, கால் இரண்டையும் தண்ணீர் போகிற பக்கம் நீட்டி, பாதம் மேலே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, கையால் துழாவிக் கரைப்பக்கம் சாய்ந்து போக வேண்டும். இதை வீட்டில் குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள், ஆடிப்பதினெட்டுக்கு ஆற்றில் இறங்குகிறவர்களுக்கும் உதவும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமராவதி அணையில் முதலைகள் இருக்கின்றன, மாயாற்றிலும் பவானிசாகர் நீர்ப்பரப்பிலும் இருக்கின்றன, அங்கே யானைகள் தண்ணீருக்கு வரும், சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஒட்டிய தண்ணீர் அது. இந்த அணைகள் நீர்வளத்துறையின் பொறுப்பில் இருப்பவை, அனுமதி இல்லாமல் சொந்தப் படகு இறக்குவது சட்டப்படியும் தப்பு. மீன் ஏலம் எடுத்தவர்கள் வலை கட்டியிருப்பார்கள், நைலான் வலை துடுப்பிலும் காலிலும் சுற்றினால் பிரிக்க முடியாது. கதவணை ஓரங்களில் ஆகாயத்தாமரை அடர்ந்து கிடக்கும், கயாக் அதற்குள் போனால் முன்னேயும் போகாது பின்னேயும் வராது. நொய்யலைப் பற்றி எழுதவே கஷ்டமாக இருக்கிறது. சாயக் கழிவும் சாக்கடையும் கலந்த அந்தத் தண்ணீர் உங்கள் தோலில் படுவதே நல்லதில்லை.

அப்படியானால் இங்கே எதுவுமே இல்லையா என்றால் இருக்கிறது. பூலாம்பட்டியிலிருந்து நெருஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு போகிறது, சேலம் மாவட்டத்திலிருந்து ஈரோடு மாவட்டத்துக்கு, டூவீலரையும் ஏற்றிக்கொள்வார்கள். அதில் முன்பக்கம் உட்கார்ந்து காற்று எங்கே அலையை உண்டாக்குகிறது, எங்கே தண்ணீர் கண்ணாடியாக இருக்கிறது என்று கவனித்துக்கொண்டே ஒருமுறை போய்வாருங்கள். காரமடைக்கு மேலே பரளிக்காட்டில், பில்லூர் அணையின் தேங்கு நீரில், வனத்துறை அங்குள்ள பழங்குடி மக்களைக் கொண்டு பரிசல் பயணம் நடத்துகிறது, முன்பதிவு செய்துகொண்டுதான் போக முடியும். தண்ணீருக்குப் பயப்படுகிற ஆள் வீட்டில் இருந்தால் நேராகக் கயாக்கில் ஏற்றாமல் முதலில் அங்கே கூட்டிப்போங்கள். மூன்றாவது, உங்கள் ஊர் நீச்சல் குளம். லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு ஆழமான பக்கத்தில் குதித்து, அது எப்படித் தூக்குகிறது, முகம் மேலே வர எவ்வளவு நேரமாகிறது என்று உடம்புக்குக் காட்டிவிடுங்கள். கயாக் ஓட்டுகிறபோது வருகிற பயத்தில் பாதி அங்கேயே போய்விடும்.

எங்கே, எப்போது

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோம், பாலக்காட்டுக் கணவாய் வழியாக அந்தக் காற்று உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் எப்படி வீசும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. லேசான படகுக்குக் காற்றுதான் முதல் எதிரி. கணவாய்க்கு அந்தப் பக்கம் அதே மாதங்களில் கொட்டுகிற மழை, கேரளத்து ஆறுகள் எல்லாம் சிவந்து ஓடும். ஐப்பசி வாக்கில் மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல். எனவே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள், பொங்கல் லீவு சரியாக உள்ளே விழும். கோடை லீவில் போனால் விடிகாலையிலும் பொழுது சாயும்போதும் மட்டும் ஓட்டுங்கள், நடுப்பகலில் மேலேயிருந்து விழுகிற வெயிலோடு தண்ணீரில் பட்டுத் திரும்புகிற வெயிலும் சேர்ந்து சுடும்.

முதல் பயணத்துக்கு நான் சொல்வது ஆலப்புழை. சென்னையிலிருந்து வருகிற ஆலப்புழை ரயில் ஈரோடு, திருப்பூர், கோவை வழியாக நடுராத்திரிக்கு மேல் போகும், ஏறிப் படுத்தால் காலையில் கேரளத்தில் இருப்பீர்கள். வேம்பநாட்டுக் காயலின் பெரிய தண்ணீருக்குப் போக வேண்டாம், அங்கே ஹவுஸ்போட்டுகளின் அலையும் மதியக் காற்றும் சேர்ந்து புதியவர்களைப் படுத்தும். கைனகரிப் பக்கத்துச் சின்ன வாய்க்கால்களில் விடிகாலை ஆறு மணிக்கு இறங்குங்கள். இரண்டு பக்கமும் வீடுகளின் படித்துறை, பாத்திரம் கழுவுகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுகிற படகு, வயல் வாய்க்காலின் தண்ணீர் மட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கும், நீங்கள் வயலைவிட உயரத்தில் மிதந்து போவீர்கள். கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்த ஆளுக்கு, வயலிலிருந்து தண்ணீரை வெளியே இறைத்து விவசாயம் பண்ணுகிற ஊரைப் பார்ப்பது தனி அனுபவம். நான் துடுப்பை மடியில் வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த தடவைக்குக் கொல்லத்துக்குப் பக்கத்தில் மன்றோ தீவு, கல்லடையாறு அஷ்டமுடிக் காயலில் சேருகிற இடம். கண்டல் மரங்கள் கூரை மாதிரி வளைந்த ஓடைகளுக்குள் போகலாம், ஆனால் அங்கே கடல் ஏற்ற இறக்கம் உண்டு, வற்றுகிற நேரத்தில் ஓடைக்குள் போனால் சேற்றில் தட்டும், அதனால் அந்த ஊர்க்காரர் சொல்கிற நேரத்துக்குக் கிளம்புங்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் ராமநாதபுரம் மாவட்டம் காரங்காடு, வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்துகிற இடம், அலையாத்திக் காட்டுக்குள் கயாக் ஓட்டலாம். ஏரி வேண்டும், தீவில் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும் என்கிறவர்கள் கர்நாடகத்தில் சாகரா பக்கம் ஹொன்னேமரடுக்குப் போகலாம், ஷராவதியின் லிங்கனமக்கி நீர்த்தேக்கம் அது, நமக்குத் தூரம், மூன்று நாலு நாளாவது லீவு வேண்டும்.

எனக்கு மனசுக்கு நெருக்கமானது கேரளத்துச் சாலியாறு. பவானி பிறக்கிற அதே நீலகிரியின் மேற்குப் பக்கம் விழுகிற மழைதான் அங்கே ஓடுகிறது, ஒரு மலை தண்ணீரை இரண்டாகப் பிரித்து ஒன்றை நமக்கும் ஒன்றை அவர்களுக்கும் கொடுத்திருக்கிறது. நிலம்பூரிலிருந்து கடலோரம் பேப்பூர் வரைக்கும் மூன்று நாளில் 68 கிலோமீட்டர் துடுப்பு போட்டுப் போகிற ஒரு பயணம் வருஷாவருஷம் நடக்கிறது. புதியவர்களும் போகலாம் என்றாலும், இரண்டு மூன்று முறை அரை நாள் ஓட்டிப் பழகிவிட்டுப் போனால் முழுதாக அனுபவிக்கலாம். ஜூலையில் கோழிக்கோடு மாவட்டத்துக் கோடஞ்சேரியில், சாலிப்புழையிலும் இருவஞ்சிப்புழையிலும் வேகநீர்க் கயாக் போட்டி நடக்கும், வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் வருவார்கள். கரையில் பாறை மேல் உட்கார்ந்து பாருங்கள். ஆற்று வேகத்தை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிப்பார்கள், ஒன்று என்றால் சிற்றலை, ஆறு என்றால் உயிரைப் பணயம் வைப்பது. நமக்கு நின்ற தண்ணீரும் ஒன்றாம் தரமும் போதும், அதுவே வருஷக்கணக்கில் அலுக்காது.

போன் பண்ணும்போது கேட்க வேண்டியது

படகு வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், கூட வழிகாட்டி வருவாரா, எத்தனை படகுக்கு ஒருவர், அவருக்கு மீட்புப் பயிற்சி உண்டா, குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, மழை காற்று வந்தால் தேதி மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். சலித்துக்கொண்டு பதில் சொன்னால் வேறு இடம் பாருங்கள். எனக்கு ஒரு ரிசார்ட்டில் கொடுத்த ஜாக்கெட்டில் ஒரு கொக்கி உடைந்திருந்தது. "பரவாயில்ல சார், தண்ணி ஆழமில்ல" என்றார்கள், நானும் சரி என்று ஏறிவிட்டேன். நடுவில் கவிழ்ந்தபோது ஜாக்கெட் மட்டும் மேலே போய் முகத்தை மறைத்து நின்றது, மூச்சுக்கு நான் அதைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது, கூட வந்த நண்பன் படகைத் திருப்பி வந்து சேர்வதற்குள் ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது. அதற்கப்புறம் ஒரு சோதனை செய்யாமல் நான் ஏறுவதில்லை. எல்லாப் பட்டைகளையும் இறுக்கிய பிறகு பக்கத்தில் இருப்பவரைத் தோள்பட்டையில் இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரைக்கும் ஏறினால் அது உங்கள் அளவு இல்லை, மாற்றித் தரச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு இரண்டு காலுக்கும் நடுவே வருகிற பட்டை கட்டாயம் வேண்டும், பெரியவர்கள் ஜாக்கெட்டைச் சுருக்கிக் கட்டி ஏற்றவே கூடாது.

உடுப்பைப் பொறுத்தவரை ஜீன்ஸ் வேண்டாம், வேட்டி லுங்கி சேலை வேண்டாம், நனைந்தால் காலைச் சுற்றும். விளையாட்டுக்குப் போடுகிற, சீக்கிரம் உலர்கிற முழுக்கை பனியனும் பேண்ட்டும் போதும், நம்ம திருப்பூரில் இல்லாத துணியா. காலுக்குப் பின்பட்டை உள்ள செருப்பு, கண்ணாடி போடுகிறவர்கள் அதற்கு ஒரு கயிறு, தொப்பி. போனையும் சாவியையும் நீர் புகாத பையில் போட்டுப் படகோடு கட்டிவிடுங்கள், உங்கள் உடம்போடு அல்ல. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், கொஞ்சம் உப்பும் சர்க்கரையும் கலந்தது. கடலை மிட்டாய் நல்லது, உருகாது.

தண்ணீரில்

ஏறும்போது படகின் நடுக்கோட்டில் உட்காருங்கள், முதலில் இடுப்பு, அப்புறம் கால். பாதம், படகுக்குள் அதற்கென்று இருக்கிற தாங்கியில் பதிந்து முழங்கால் கொஞ்சம் மடங்கி இருக்க வேண்டும், முதுகு நிமிர்ந்து, சாய்மானத்தில் சோபா மாதிரி சரிந்து உட்காராமல். துடுப்பைத் தலைமேல் கிடையாக வைத்தால் இரண்டு முழங்கையும் செங்கோணத்தில் மடங்குகிற இடம்தான் பிடி. தகட்டின் குழிந்த பக்கம் உங்களைப் பார்க்கட்டும், அதில் ஏதாவது எழுத்து இருந்தால் நேராகப் படிக்கிற மாதிரி இருக்கட்டும். இறுக்கிப் பிடிக்காதீர்கள், அரை மணியில் கொப்புளம் வந்துவிடும்.

நேராகப் போவதற்குத் துடுப்பைக் கால்விரல் பக்கத்தில் தகடு முழுக்க மூழ்க விட்டு, இடுப்பு வரை வந்ததும் எடுத்துவிட வேண்டும், இடுப்பைத் தாண்டி இழுத்தால் படகு திரும்பத்தான் செய்யும். இழுப்பது கை இல்லை, உடம்பு. வலப்பக்கம் போடும்போது வலத்தோள் முன்னே போய், இடுப்புக்கு மேல் முழு உடம்பும் திரும்பி வர வேண்டும். செக்கு சுற்றுகிற மாதிரி அடிப்பகுதி அசையாமல் மேல்பகுதி மட்டும் திரும்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். திரும்புவதற்கு, எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் துடுப்பை முன்முனையிலிருந்து பின்முனை வரை அகலமாக அரைவட்டம் போடுங்கள். நிறுத்துவதற்கு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சின்னதாகப் பின்னோக்கித் தள்ளுங்கள், மூன்று நாலு தள்ளில் நின்றுவிடும். இந்த மூன்றையும் கரையோரத்திலேயே இருபது நிமிஷம் பழகிவிட்டு அப்புறம் கிளம்புங்கள். வேறு படகு கிளப்பிய அலை வந்தால் பக்கவாட்டில் வாங்காமல் முன்முனையை அதை நோக்கிக் கொஞ்சம் சாய்வாகத் திருப்புங்கள், துடுப்பு தண்ணீரில் இருக்கிற வரைக்கும் படகு நிலையாக இருக்கும், பயத்தில் துடுப்பைத் தூக்கிப் பிடிக்கும்போதுதான் கவிழும்.

கவிழ்ந்தால் துடுப்பை விடாதீர்கள், படகையும் விடாதீர்கள், படகு மிதக்கும். தலைகீழாகக் கிடந்தால் எதிர் ஓரத்தைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்தால் நிமிர்ந்துவிடும். பிறகு நடுப்பகுதிக்குப் பக்கத்தில் மிதந்தபடி காலை நன்றாக உதைத்து, வயிறு படகின் குறுக்கே வருகிற மாதிரி ஏறிப் படுங்கள். ஒரு மூச்சு விட்டுக்கொண்டு, புரண்டு உட்கார்ந்து, கடைசியாகக் காலை உள்ளே எடுங்கள். இதை வழிகாட்டி கூட இருக்கும்போதே, ஆழம் குறைந்த இடத்தில், வேண்டுமென்றே ஒருமுறை கவிழ்ந்து செய்து பார்த்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பலர் நனையக்கூடாது என்று இதை விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு பேர் ஒரே கயாக்கில் போனால் கனமானவர் பின்னால் உட்காருவது நல்லது, திருப்புகிற வேலை அவருடையது. முன்னால் இருப்பவர் சீராகத் தாளம் பிடிக்க, பின்னால் இருப்பவர் அதே பக்கம் அதே நேரத்தில் போட வேண்டும், இல்லையென்றால் துடுப்புகள் மோதிக்கொண்டே இருக்கும். புருஷன் பெண்டாட்டி சண்டை இதில்தான் தொடங்குகிறது, "நீங்க வலிக்கறது எனக்கு எப்படிங்க தெரியும், பின்னாலதான உக்காந்திருக்கீங்க" என்று என் மனைவி கேட்டது நியாயமான கேள்வி, அதற்கப்புறம் முன்னால் இருக்கிற அவர்தான் எண்ணுகிறார், நான் கேட்டுப் போடுகிறேன்.

வழியை எப்படிப் பிரிப்பது என்பதில் ஒரே ஒரு விதி, கஷ்டமானதை முதலில் முடியுங்கள். காற்றுக்கு எதிராகவும் ஓட்டத்துக்கு எதிராகவும் போய், களைத்த பிறகு அவை உங்களைக் கொண்டுவந்து விடட்டும். புதியவர்கள் மணிக்கு மூன்று நாலு கிலோமீட்டர் போவார்கள், நடை வேகம்தான். எனவே முதல் நாள் மொத்தம் ஆறு கிலோமீட்டருக்கு மேல் திட்டம் வேண்டாம், இடி கேட்டால் மீதித் தூரத்தை மறந்துவிட்டுக் கரை ஏறிவிடுங்கள்.

சொந்தமாக வாங்குவது பற்றி மாமா பையன் கடைசியில் மறுபடியும் கேட்டான். பிளாஸ்டிக் கயாக் இருபது முப்பது கிலோ இருக்கும், வீட்டில் வைக்க இடமும் வண்டி மேல் கட்டக் கம்பியும் வேண்டும். டெக்கத்லான் மாதிரி கடைகளில் காற்றடித்து நிரப்புகிற கயாக் கிடைக்கிறது, பையில் மடித்துக்கொள்ளலாம், ஆனால் வெயிலில் காற்று விரிந்து தையல் விடும், கரையில் நிறுத்தும்போது கொஞ்சம் காற்றை இறக்கிவிட வேண்டும், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். வருஷத்துக்கு ஐந்தாறு முறையாவது போகிறவர்கள், அனுமதி உள்ள தண்ணீர் எது என்று கண்டுபிடித்த பிறகு வாங்கட்டும். அதுவரைக்கும் வாடகைக்கு எடுப்பதே சரி, உங்கள் அளவுக்கான லைஃப் ஜாக்கெட் ஒன்றை மட்டும் சொந்தமாக வாங்கிக்கொண்டு போங்கள். உப்புத் தண்ணீரில் ஓட்டிவிட்டு வந்தால் ஜாக்கெட்டை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள், வெயில் அதன் துணியை இற்றுப்போகச் செய்யும்.

ஊருக்குத் திரும்பின மறுநாள் காலையில் எழும்போது எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். விலாவுக்குப் பக்கவாட்டிலும் அடிவயிற்றிலும் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தால் உடம்பைத் திருப்பிச் சரியாகத் துடுப்பு போட்டிருக்கிறீர்கள். புஜமும் மணிக்கட்டும் வலித்தால் கையால் மட்டும் இழுத்திருக்கிறீர்கள், அடுத்த முறை ஏறின உடனே பிடியைத் தளர்த்தி, தோளை முன்னே கொண்டுபோவதில் கவனம் வையுங்கள். கீழ்முதுகு வலித்தால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், பாதத் தாங்கியை ஒரு படி கிட்டத்தில் வைத்துத் தரச் சொல்லுங்கள்.